தையல்காரப் பெண் சொன்ன ஒரு வார்த்தை... 105 வருடம் கழித்துக் கிடைத்த பதில்!

1895-ம் வருடம். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோயியல் டாக்டராக இருந்தவர் ஆல்டிரெட் வார்த்தின். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்துவந்தவர் பாலின் கிராஸ் என்ற இளம்பெண். ஒருநாள் அவர் முகம் வாடிக்கிடப்பதைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார் வார்த்தின்.

பாலின் அழவில்லை, புலம்பவில்லை. தனக்கு இப்போது உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சீக்கிரமே புற்றுநோய் வந்துதான் சாகப்போகிறேன் என்று சொன்னார். காரணம் கேட்டபோது, தன் குடும்பத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்றார். வயிறு, குடல், கர்ப்பப்பை... இந்த மூன்றில் ஒன்று.

'அதெல்லாம் மனப்பிரமை, தைரியமா இரும்மா' என்று சொல்லி அனுப்பியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். வார்த்தின் அப்படிச் செய்யவில்லை. யார் யாருக்கு, என்ன நோய், எத்தனை வயதில் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். பாலினும் சொந்தக்காரர்களிடம் விசாரித்து விவரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெர்மனியிலிருந்து பிழைப்புக்காக மிச்சிகன் வந்து குடியேறிய குடும்பம் அது. தாத்தாவிலிருந்து தொடங்கி, கிளை கிளையாக ஒரு வம்ச வரைபடம் உருவானது. 1913-ல் அதை ஆய்விதழில் வெளியிட்டார் வார்த்தின். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் 'ஜி குடும்பம்' என்று மட்டும் குறிப்பிட்டார்.

பாலின் தன் நாற்பதுகளில் இறந்துபோனார். கர்ப்பப்பைப் புற்றுநோய்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே மறைக்கக் கூடாது. வார்த்தின் அந்தக் காலத்து 'உயர்ந்த வம்சம், தாழ்ந்த வம்சம்' கோட்பாட்டை நம்பியவர். இப்படிப்பட்ட குடும்பங்களை வலுவிழந்த வம்சம் என்ற கண்ணோட்டத்தில்தான் அவர் பார்த்தார். அவர் எடுத்த குறிப்புகள் காலத்தைக் கடந்து நின்றன. அந்தப் பார்வை நிற்கவில்லை, நிற்கவும் கூடாது.

அதே வார்த்தை... வேறு ஊர், வேறு ஆள்!

1931-ல் வார்த்தின் இறந்த பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி எப்போதாவது ஒரு கட்டுரை வந்ததோடு சரி. புற்றுநோய் பரம்பரையாக வரும் என்று சொன்னால் மருத்துவ உலகம் சிரித்த காலம் அது. வைரஸ், சிகரெட், ரசாயனம் என்று வெளியே இருந்து வரும் காரணங்களைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1962-ல் நெப்ராஸ்கா மாகாணத்தின் ஒமாஹா நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே பயிற்சி டாக்டராக இருந்தவர் ஹென்றி லிஞ்ச். ஆளே கொஞ்சம் வித்தியாசமானவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, உறவுக்காரப் பையனின் அடையாள அட்டையைக் காட்டி 16 வயதில் கடற்படையில் சேர்ந்தவர். பிறகு குத்துச்சண்டை வீரர். மேடையில் அவர் பெயர் 'ஹேமரிங் ஹேங்க்'. அதன்பிறகுதான் படிப்பு, மரபியல், மருத்துவம் எல்லாம்.

அவரிடம் வந்தவர் மொடாக் குடிகாரர். போதை நடுக்கத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த அவரிடம், ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று விசாரித்தார் லிஞ்ச். என் குடும்பத்தில் எல்லோருமே புற்றுநோயில்தான் செத்தார்கள், நானும் அப்படித்தான் சாகப்போகிறேன், அதான் குடிக்கிறேன் என்றார் அந்த மனிதர்.

67 வருட இடைவெளியில் ஒரு தையல்காரப் பெண்ணும் ஒரு குடிகாரரும் சொன்னது அச்சு அசலாக ஒரே வார்த்தை. லிஞ்சுக்கு அப்போது பாலினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் வார்த்தின் செய்ததையே அவரும் செய்தார். அந்த மனிதரின் சொந்தங்களைத் தேடிப் போனார்.

1964-ல் ஒரு மரபியல் மாநாட்டில் இதைப் பற்றி அவர் பேசியபோது, மிச்சிகனைச் சேர்ந்த மார்ஜரி ஷா என்ற டாக்டர், தன்னிடமும் இப்படியொரு குடும்பம் இருப்பதாகச் சொன்னார். இரண்டு குடும்பங்களையும் சேர்த்து 1966-ல் கட்டுரை வந்தது. அதைப் பார்த்த மிச்சிகன் பல்கலைக்கழக நோயியல் துறைத் தலைவர், வார்த்தின் விட்டுப்போன ஜி குடும்பத்தின் கோப்புகளை எடுத்து லிஞ்ச் கையில் கொடுத்துவிட்டார். லிஞ்சும் அவருடைய சமூக சேவகர் ஆன் க்ரஷும் அந்தக் குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளைத் தேடிக் கண்டுபிடித்து 1971-ல் எழுதினார்கள். அதற்குள் ரத்த சொந்தங்கள் 650 பேரைத் தாண்டியிருந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. பாலின் காலத்தில் அந்தக் குடும்பத்தில் அதிகம் இருந்தது வயிற்றுப் புற்றுநோய். பின்னால் வந்த தலைமுறைகளில் அது குறைந்து, பெருங்குடல் புற்றுநோய் கூடியிருந்தது. ரத்தம் அதே ரத்தம்தான். ஆனால், அமெரிக்கா முழுவதுமே அந்தக் காலகட்டத்தில் வயிற்றுப் புற்றுநோய் குறைந்துவந்தது. பரம்பரை ஒருபக்கம் இருந்தாலும், சாப்பாடும் வாழ்க்கைமுறையும் எந்த உறுப்பில் அடி விழும் என்பதை மாற்றியிருக்கின்றன.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு லிஞ்ச் அனுப்பிய விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. அவர் விடவில்லை. கிராமம் கிராமமாகப் போய், குடும்ப ஒன்றுகூடல்களில் உட்கார்ந்து, சர்ச் கூடங்களிலும் பண்ணை வீடுகளிலும் ரத்த மாதிரி எடுத்தார். எந்த ஜீனில் கோளாறு என்றே தெரியாத நேரத்தில் சேர்த்துவைத்த ரத்தம் அது. என்றைக்காவது ஒருநாள் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்!

அப்படி என்னதான் கோளாறு?

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். ஒரு தொகுப்பில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள். இவ்வளவு பெரிய புத்தகத்தை நகல் எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். அதைக் கண்டுபிடித்துத் திருத்த செல்லுக்குள்ளேயே ஒரு 'புரூஃப் ரீடர்' கூட்டணி உண்டு. எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு ஜீன்கள்தான் அதில் முக்கியமானவை.

ஒவ்வொரு ஜீனிலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் நமக்குக் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். சிலருக்குப் பிறக்கும்போதே ஒரு பிரதி பழுது. அவர்களுக்குக் குடலிலோ கர்ப்பப்பையிலோ ஏதாவது ஒரு செல்லில் மிச்சமிருக்கும் நல்ல பிரதியும் கெட்டுப்போனால் போதும். அந்த செல்லில் பிழைதிருத்த ஆள் இல்லை. தப்பு மேல் தப்பு சேர்ந்து, மற்றவர்களுக்குப் பல வருடங்கள் எடுக்கும் மாற்றம் அங்கே வேகமாக நடந்துவிடும். அதனால்தான் இந்தக் குடும்பங்களில் புற்றுநோய் சின்ன வயதிலேயே வருகிறது.

பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் இந்தப் பிழைதிருத்தும் வேலையை ஆராய்ந்தவர்கள்தான் மனித ஜீனைப் பிடிக்கவும் வழிகாட்டினார்கள். 1993-ல் எம்.எஸ்.ஹெச்.2, அடுத்த வருடம் எம்.எல்.ஹெச்.1 கண்டுபிடிக்கப்பட்டன. 2000-ம் ஆண்டில் ஜி குடும்பத்தின் கோளாறு எம்.எஸ்.ஹெச்.2-ல் இருப்பது உறுதியானது. பாலின் அந்த வார்த்தையைச் சொல்லி 105 வருடம் ஆகியிருந்தது. இன்றைக்கு இந்த நிலைக்குப் பெயர் 'லிஞ்ச் சிண்ட்ரோம்'.

பரம்பரைப் புற்றுநோய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி. 2013-ல் அவர் மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிக்கொண்டதாக எழுதியதும் உலகமே பேசியது. அது பி.ஆர்.சி.ஏ.1 என்ற வேறொரு ஜீன். லிஞ்ச் சிண்ட்ரோமுக்கு அப்படியொரு பிரபல முகம் கிடைக்கவில்லை. ஆனால், சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது மேலை நாட்டு ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களிடம் இது இருப்பதே தெரியாது.

விதியா... வாய்ப்பா?

பாலினும் அந்தக் குடிகாரரும் ஒரு விஷயத்தில் தவறாக நினைத்துவிட்டார்கள். குடும்பத்தில் இந்தக் கோளாறு இருப்பதாலேயே எல்லோருக்கும் அது வந்துவிடாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. பூவா தலையா மாதிரி. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்குதான். வராத பிள்ளையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் போகாது.

கோளாறு வந்தவர்களுக்கும் புற்றுநோய் நிச்சயம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் ஒரு சாதாரண மனிதருக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 சதவிகிதம். எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2 கோளாறு உள்ளவர்களுக்கு அது 40, 50 சதவிகிதம் வரை போகிறது. பி.எம்.எஸ்.2-ல் இதைவிட மிகக் குறைவு. பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்தும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல்.

பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால், பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகிவிடும். இந்தக் குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 133 பேர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள். 119 பேர் செய்துகொள்ளாதவர்கள். பரிசோதனை செய்தவர்களில் பெருங்குடல் புற்றுநோய் 62 சதவிகிதம் குறைவு. செய்யாதவர்களில் 9 பேர் அந்த நோயால் இறந்தார்கள். செய்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

கொலோனோஸ்கோப்பியில் குடலுக்குள் சின்னப் பரு மாதிரி இருக்கும் பாலிப்பைப் பார்த்ததுமே வெட்டி எடுத்துவிடுவார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். லிஞ்ச் உள்ளவர்களுக்குப் பாலிப் வேகமாக மாறும் என்பதால், இப்போது 1 அல்லது 2 வருடத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறார்கள். ஜீனைப் பொறுத்து 20-25 வயதிலோ 30-35 வயதிலோ தொடங்க வேண்டும்.

கர்ப்பப்பைக்கு இவ்வளவு நம்பகமான பரிசோதனை இல்லை. மாதவிலக்கில் வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு இருந்தால் உடனே பார்க்க வேண்டும். குழந்தை பெற்று முடித்த பிறகு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிக்கொள்வது பற்றி டாக்டருடன் பேசி முடிவெடுக்கலாம். 'மாதவிலக்கு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று நம் வீட்டுப் பெண்கள் தள்ளிப்போடும் அறிகுறி இது என்பதால், இந்த ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆஸ்பிரின் கதையும் உண்டு. 861 லிஞ்ச் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 600 மில்லி கிராம் ஆஸ்பிரின், மறு பிரிவுக்கு வெறும் மாத்திரை என்று சில வருடங்கள் கொடுத்தார்கள். வருடங்கள் கழித்துப் பார்த்தபோது பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் 9 சதவிகிதம், மறு பிரிவில் 13 சதவிகிதம். இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம். ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். யாருக்கு, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நோய் வந்துவிட்டாலும் நிலைமை பழைய மாதிரி இல்லை. எழுத்துப்பிழைகள் மலிந்த இந்தக் கட்டிகள், உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்நியமாகத் தெரியும். அந்த அணுக்களைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை விலக்கினால் அவை தாமாகவே கட்டியைத் தாக்கும். இதுதான் இம்யூனோதெரபி. 2022-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பிழைதிருத்தம் பழுதான மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கே தெரியாமல் மறைந்தது. கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 12 என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான், மருந்தும் விலை அதிகம். ஆனால், கட்டியில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தால்தான் இந்தச் சிகிச்சை பொருந்துமா என்பதே தெரியும்.

'எங்க வீட்ல யாருக்கும் இல்லைங்க டாக்டர்!'

இந்த வரியைப் புற்றுநோய் டாக்டர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! கொஞ்சம் கிளறினால், 'அப்பாவோட அக்கா வயித்துக் கட்டியில போனாங்க', 'பெரியப்பா மஞ்சக் காமாலைனு சொன்னாங்க, ஆபரேஷன் பண்ணாங்க', 'பாட்டிக்கு உதிரம் நிக்கவே இல்லை, அப்புறம் இறந்துட்டாங்க' என்று ஒவ்வொன்றாக வரும். நம் ஊரில் நோயின் பெயரைச் சொல்லாமல் இருப்பது ஒரு மரியாதை மாதிரி. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சொந்தப் பிள்ளைகளுக்கே சொல்லாமல் விடுவார்கள். அந்தப் பயத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆனால், 25 வயதில் ஒரு டெஸ்ட் செய்திருக்க வேண்டிய பிள்ளைக்கு விஷயம் 45 வயதில் ஆஸ்பத்திரி படுக்கையில்தான் தெரிகிறது.

அப்பா வழியை மறப்பது இன்னொரு தவறு. கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றதும் அம்மா, சித்தி, பாட்டி என்று அம்மா பக்கத்தையே யோசிக்கிறோம். ஜீன் அப்பா வழியாகவும் வரும். அப்பா ஆரோக்கியமாக இருந்து, அத்தைகளுக்கு மட்டும் நோய் வந்திருக்கலாம். அதேபோல, ஒரு பக்கம் குடல், மறுபக்கம் கர்ப்பப்பை என்று வேறு வேறு உறுப்புகளில் வந்திருப்பதால் அவை வேறு வேறு நோய்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நமக்கு இன்னும் ஒரு விஷயம். தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டிக்கொள்ளும் இருவரிடமும் ஒரே தாத்தா வழியில் வந்த பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதிகளுமே பழுதாக வருவதற்கு 25 சதவிகித வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மூளைக்கட்டி, ரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் வரலாம். தோலில் காபி நிறத் திட்டுகளும் இருக்கும். இது மிக அரிதானது. சொந்தத்தில் கட்டிய எல்லோரும் பயப்படத் தேவையில்லை. குடும்பத்தில் சின்ன வயதுப் புற்றுநோய்கள் இருக்கும்போது மட்டும் இந்தக் கோணத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

யார் சந்தேகப்பட வேண்டும்? டாக்டர்கள் 1990-களில் ஒரு கணக்கு வகுத்தார்கள். நெருங்கிய சொந்தத்தில் 3 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய், 2 தலைமுறை, அதில் ஒருவருக்காவது 50 வயதுக்கு முன்பே. பிறகு அதில் கர்ப்பப்பை, சிறுகுடல் போன்றவற்றையும் சேர்த்தார்கள். வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகள் என்றான இந்தக் காலத்தில் மூன்று பேரை எங்கே தேடுவது? அதனால் இப்போது பல நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய் யாருக்கு வந்தாலும் அந்தக் கட்டியிலேயே பிழைதிருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுகிறார்கள். இல்லையென்றால் அடுத்து ரத்தத்தில் ஜீன் டெஸ்ட்.

இந்த டெஸ்ட்டை முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. அவரிடம் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அதே இடத்தைப் பார்க்க முடியும். நல்லா இருக்கும் ஒருவர் ஆன்லைனில் பார்த்து தானாக டெஸ்ட் எடுத்தால், 'அர்த்தம் தெளிவாகாத மாற்றம்' என்று ஒரு வரி வந்து தூக்கத்தைக் கெடுப்பதுதான் பல நேரம் நடக்கும். அதனால் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு டெஸ்ட் எடுப்பதே சரி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே இந்த ஆலோசனை கிடைக்கிறது.

ஜி குடும்பத்தில் இப்போது 900 பேருக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கனடாவில் வசிக்கும் நாவலாசிரியர் ஏமி மெக்கே. எம்.எஸ்.ஹெச்.2 கோளாறு தன்னிடமும் இருப்பது டெஸ்ட்டில் தெரிந்த பிறகு, 2019-ல் தன் குடும்பத்தின் கதையைப் புத்தகமாகவே எழுதினார். பாலினின் முழுப்பெயர் இன்று நமக்கெல்லாம் தெரிவது இப்படிச் சில பேர் அதை மறைக்காமல் சொன்னதால்தான்.

நம் வீட்டு வரைபடத்துக்கு ஓர் ஏ4 தாள் போதும். அம்மா வழி ஒரு பக்கம், அப்பா வழி மறுபக்கம். யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று மூன்றே விவரம். இதெல்லாம் ஞாபகம் இருப்பது பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒரு பெரியம்மாவுக்கோ அத்தைக்கோதான், அவரிடம் போன் போட்டுக் கேட்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோ பயாப்ஸி ரிப்போர்ட்டோ பீரோவில் கிடந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்துப் பல ஆஸ்பத்திரிகள் வருடக்கணக்கில் பாதுகாத்து வைத்திருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி நம்பரைச் சொல்லிக் கேட்டால், இறந்துபோனவரின் கட்டியில்கூட இந்த டெஸ்ட்டைச் செய்து பார்க்க முடியும்.